பச்சைப் பட்டை வண்டி

முடிச்சூர் ஜெயவேலுவுக்குச் சொந்தமாக ஒரு ரயில் இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். "இன்னா ஜெயவேலு, ரயில எங்க நிறுத்தி வச்சிகீற? வூட்டாண்ட எடம் பத்துதா?" என்று டீக்கடையில் கேட்டவர்களெல்லாம் இப்போது கிண்டலுக்கு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் விஷயம் உண்மைதான். இன்ஜின் ரயில்வேயுடையது, தண்டவாளம் ரயில்வேயுடையது, ஓட்டுகிறவரும் ரயில்வேக்காரர். பின்னால் கோத்திருக்கிற நாற்பத்திரண்டு சரக்கு வேகன்கள் மட்டும் ஜெயவேலுவுடையவை. ஆந்திராவில் ஒரு சிமெண்ட் ஆலையிலிருந்து கர்நாடகத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு அவை போகும், காலியாகத் திரும்பும், மறுபடி போகும். தமிழ்நாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. தொழிற்சாலையில் பெயிண்ட் காயாத ஈரத்தோடு நின்றபோது ஜெயவேலு ஒரு தடவை பார்த்தார். அவர் மனைவி கிளியம்மாள் அதுகூடப் பார்க்கவில்லை. அந்த வாரம்தான் மகளுக்குப் பிரசவம்.

இதில் உறுத்தல் என்னவென்றால், அந்த வேகன்கள் வந்ததே கிளியம்மாளின் நிலத்திலிருந்துதான். கல்யாணத்தின்போது அவள் அப்பா எழுதிக்கொடுத்த நிலம். 2015 வெள்ளத்தில் பத்து நாள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அடுத்த வருஷம் சுற்றியிருந்த வயலெல்லாம் மனையாகிவிட்டது. நாலு லாரி வைத்து சிமெண்ட் அடித்துக்கொண்டிருந்த ஜெயவேலு, "நெலத்த குடுத்துட்டு ரயிலு வாங்கலாமா?" என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கிளியம்மாள் ஏன், எதற்கு, போனால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "வண்டிய ஒருநாளு எனுக்கு காட்டு" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அதற்கு ஜெயவேலு செய்த கைம்மாறு, ஒரு பொய்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு இருவரும் ஸ்டேஷன் நடைபாலத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு சரக்கு ரயில் போனது. ஒவ்வொரு வேகனிலும் அகலமாகப் பச்சைப் பட்டை. கிளியம்மாள் நின்றுவிட்டாள். "நம்பளுது இந்த மாரிதான் இருக்குமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த ஆசையை ஜெயவேலுவால் தாங்க முடியவில்லை. "இந்த மாரி இன்னா, இதான்மே!" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்னதோடு நிற்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கம்பி ஓரமாக நிறுத்திக் கடைசி வேகன் வரைக்கும் காட்டினார்.

அது கீழ்க்கட்டளை மோகன்ராஜின் வண்டி. ஜெயவேலுவின் வேகன்கள் அரக்கு நிறம், மேலே மெல்லியதாக ஒரு மஞ்சள் கோடு.

அன்றிலிருந்து கிளியம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் மார்க்கெட்டுக்குப் போகிறாள். நடைபாலத்தில் நிற்கிறாள். பச்சைப் பட்டை வண்டி வந்தால் கைகுவித்து, "நல்லபடியா போய்ட்டு வா" என்கிறாள். போதாததற்கு, வீட்டு கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கச் சொன்னாள். "நம்ம வண்டி கலரு" என்றாள். தினமும் காலையில் அந்த கேட்டைத் திறக்கும்போதெல்லாம் ஜெயவேலுவுக்கு நெஞ்சில் ஒரு முள் தைக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. இந்த மனுஷன் மறைக்கப் பார்த்தது ஒரு முழு சரக்கு ரயிலை.

இத்தனை வருஷம் மறைந்துதான் இருந்தது. சங்கத்துக்கு வெள்ளி விழா வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

தனியார் வேகன் உரிமையாளர் சங்கத்துக்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு மெஸ்ஸுக்கு மேலே இரண்டு அறை. பதினோரு உறுப்பினர்கள். காலையில் சாம்பார் வாசனை, மத்தியானம் ரசம் வாசனை, நடுவே கடிதங்கள். தனி மரம் தோப்பாகாது என்பதை ஜெயவேலு இங்கேதான் கற்றுக்கொண்டார். ஒரு தடவை அவருடைய வேகன் ஒன்றைப் பழுது என்று வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் கழற்றி ஓரமாக விட்டுவிட்டார்கள். எங்கே, யாரைக் கேட்பது என்று தெரியாமல் தனி ஆளாக அலைந்தார். பிறகு சங்கச் செயலாளர் ஹேமாவதி ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினார். அதில் ஜெயவேலுவின் பெயரே இல்லை. "எங்கள் உறுப்பினர்கள் சிலர்" என்றுதான் இருந்தது. எழுதிய மாதமே வேகன் பழுது நீங்கி வண்டியோடு சேர்ந்தது.

அதுதான் சங்கத்தின் வழக்கம். யார் பெயரும் கடிதத்தில் வராது. குறை ஒருத்தருடையதாகவும் இருக்கக்கூடாது. குறைந்தது மூன்று பேருக்கு இருந்தால்தான் எழுதுவார்கள். "ஒருத்தர் சொன்னா அது புலம்பல், மூணு பேர் சொன்னா அது கோரிக்கை" என்பார் தலைவர் ஜீவானந்தம்.

வெள்ளி விழா மலரின் அச்சுப்படி வந்த அன்று ஹேமாவதி அதை மேசையில் விரித்துக் காட்டினார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பக்கம், அவரவர் வண்டியின் வண்ணப் படம். இடது பக்கம் மோகன்ராஜ், பச்சைப் பட்டை. வலது பக்கம் ஜெயவேலு, மஞ்சள் கோடு. கொட்டை எழுத்தில் பெயர் வேறு. விழா அழைப்பிதழில் "குடும்பத்துடன் வருக" என்று போட்டிருந்தது.

"மேடம், இந்த ரெண்டு பக்கத்தையும் எடுத்துட முடியுமா?" என்றார் ஜெயவேலு.

"ஏன் சார்? படம் நல்லா வரலையா?"

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஜெயவேலுவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னார். பாலத்தைச் சொன்னார், கேட்டைச் சொன்னார். கடைசியில், "அவ என்னிய ஒரு கேள்வி கேட்டதில்லம்மா. நெலத்த தூக்கி குடுத்தா. அவ கேட்ட ஒண்ணே ஒண்ணுல ஏமாத்திட்டேன். அந்தப் பக்கத்த அவ பாத்தா, அப்பறம் நான் எந்த மூஞ்சோட வூட்டுக்குப் போவேன்?" என்றார். அறுபது வயது மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஹேமாவதி பார்க்காதமாதிரி இருந்தார்.

"பக்கத்தை எடுக்க முடியாது சார். மோகன்ராஜ் சார்கிட்ட என்ன காரணம் சொல்றது?" என்றார் ஹேமாவதி. பிறகு பீரோவைத் திறந்து ரயில்வேயோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலை எடுத்துப் புரட்டினார். "ஆனா ஒண்ணு இருக்கு. பதினேழாவது பிரிவு. உரிமையாளரோ அவரோட பிரதிநிதியோ முன்கூட்டியே சொல்லிட்டு வேகனைப் பார்வையிடலாம். இதுவரைக்கும் நம்ம சங்கத்துல யாரும் கேட்டதில்ல. உங்க வண்டி அடுத்த மாசம் முதல் தடவையா பராமரிப்புக்கு திருச்சிப் பக்கம் வருதில்ல? தாம்பரம் வழியா வந்தா நேர்லயே காட்டிடலாம். காட்டிட்டு நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க. மலர் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொன்னா அது வேற."

"எழுதிடும்மா."

"எப்படி எழுதறது? ஒருத்தர் குறை. இன்னும் ரெண்டு பேர் வேணும்."

செயற்குழுவில் ஜெயவேலு எழுந்து, பொய்யை மட்டும் விழுங்கிவிட்டு, "எங்க வூட்டம்மா வண்டிய பாக்கணும்ன்றா" என்றார். எதிர்பார்த்த மாதிரியே சிரிப்பு கிளம்பியது. ஒருவர், "பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க சார்" என்றார். ஜீவானந்தமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"சிரிக்கிறோம். ஆனா என் வேகன் ஓடி நானே பார்த்ததில்லப்பா. கம்ப்யூட்டர்ல ஒரு புள்ளி நகரும், அவ்வளவுதான்" என்றார்.

மோகன்ராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என் கதையைக் கேளுங்க. என் வண்டி வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை இதே தாம்பரம் வழியாத்தான் போகுது. எப்ப போகுதுன்னு எனக்கு யார் சொல்றா? நான் கடையில இருக்கறப்ப போயிடுது. நெஜமாவே வண்டி இருக்கா, இல்ல என்கிட்ட கதை விடறியான்னு என் பொண்டாட்டி கேக்கறா!"

ஜெயவேலு தலையைக் குனிந்துகொண்டார். அந்த வண்டி எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வரும் என்று முடிச்சூரில் ஒருத்திக்குத் தெரியும் என்பதை அவர் எப்படிச் சொல்வார்?

பதினொருவரில் ஒன்பது பேர் கை தூக்கினார்கள். ஹேமாவதி அன்றே எழுதினார்: "எங்கள் உறுப்பினர்கள் பலர் தங்கள் வேகன்களை இயக்கத்தில் பார்வையிட வாய்ப்பின்றி உள்ளனர்." முதல் கட்டமாக ஒரு வண்டியைத் தாம்பரத்தில் பத்து நிமிஷம் நிறுத்தித் தரும்படி கேட்டிருந்தார். மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, நடைமுறைச் சாத்தியம் இல்லை.

ஜெயவேலு இடிந்துபோய் உட்கார்ந்தார். ஹேமாவதியோ அந்தக் காகிதத்தைத் துளைபோட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார். "இது நல்ல பதில் சார். கோப்புக்கு நம்பர் விழுந்துடுச்சு, பாருங்க. இனிமே நாம அந்த நம்பரைச் சொல்லிக் கேக்கலாம்" என்றார். நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு தலைவரோடு நேரிலேயே போனார். போன இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கவே இல்லை. தெற்கே போகிற சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் மாறுவதற்காகத் தாம்பரத்தில் நிற்கிறவை எவை என்று விசாரித்தார். அப்படி நிற்கும்போது உரிமையாளர் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும் என்றார். புதிதாக ஒன்றைக் கேட்டால் யோசிப்பார்கள், ஏற்கெனவே நடக்கிறதைக் கேட்டால் தலையாட்டுவார்கள் என்பது பதினைந்து வருஷம் கடிதம் எழுதிய கையின் அனுபவம். அவற்றில் ஜெயவேலுவின் வண்டியும் இருந்தது. மூன்று பேருக்கு அனுமதி வந்தது. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை.

ஜெயவேலு, கிளியம்மாள், சங்கத்தின் சார்பில் ஒருவர். ஹேமாவதிதான் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் மோகன்ராஜ், "மேடம், நான் போறேன். பக்கத்துல நின்னு ஒரு வண்டியைப் பாத்தாவது ஆசை தீரட்டும்" என்று கெஞ்சினார். வேண்டாம் என்று சொல்ல ஹேமாவதியிடம் வெளியே சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை. ஜெயவேலுவுக்கு போன் செய்து, "சார், அவர் வர்றாரு. காலையிலயே வீட்ல சொல்லிடுங்க" என்றார்.

ஜெயவேலு காலையில் இட்லி சாப்பிடும்போது சொல்ல வாயெடுத்தார். வண்டியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்த கிளியம்மாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் சொல்லலாம் என்று விட்டார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஸ்டேஷன் வந்துவிட்டது.

கடைசி நடைமேடையின் கோடியில் மூவரும் நின்றார்கள். கிளியம்மாளின் பையில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். ரயில்வே ஊழியர் ஒருவர் நடைமேடை விளிம்பின் மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். மணி பதினொன்று பத்து. ஜெயவேலு தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிளி, ஒரு விசயம்..." என்று ஆரம்பித்தார்.

தெற்கேயிருந்து ஹாரன் கேட்டது. பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் வந்தது. ஒவ்வொரு வேகனிலும் பச்சைப் பட்டை.

கிளியம்மாள் பையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துவிட்டு, பழக்கப்படி, கைகுவித்தாள். அவள் உதடு அசைந்தது.

"அண்ணா!" என்று மோகன்ராஜ் கத்தினார். "அண்ணா, இது என்னுது! பேர் போட்டிருக்கு பாருங்க! என் வண்டிண்ணா!" நடைமேடையில் வேகன்களோடு கூடவே பத்தடி ஓடி, மூச்சு வாங்க நின்று, கடைசி வேகன் போகும்வரை சின்னப்பிள்ளை மாதிரி கையாட்டினார். திரும்பியபோதுதான் கிளியம்மாளின் குவிந்த கையைக் கவனித்தார். "அண்ணி, நீங்க எதுக்கு என் வண்டியைக் கும்பிடறீங்க?"

"கிளி, அது வந்து..." என்றார் ஜெயவேலு.

"இருய்யா" என்று கிளியம்மாள் அவரை நிறுத்தினாள். மோகன்ராஜைப் பார்த்து, "உன்னுதுன்னு தெரியும் தம்பி. பேருதான் அம்மாம் பெருசா எழுதிகீதே. வெள்ளிக்கெழம பதினொன்னு பத்து. மழ நாள்ல அர மணி லேட்டாவும். போன மாசம் ஒரு வண்டிக்குக் கதவுல தகடு பிச்சிகினு இருந்துச்சு, இப்ப சரி பண்ணிட்டாங்க, பாத்தியா?" என்றாள்.

மோகன்ராஜ், வண்டி போய் மறைந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எங்க வண்டி மத்த நாள்ல எங்கியோ ஆந்திராவுல போய்கினு கீது. எந்தக் காட்டுல போவுதோ, எந்த வெயில்ல நிக்கிதோ. அங்க எதுனா ஒரு ஸ்டேஷன்ல யாராவது ஒரு பொம்பள நின்னு, நல்லபடியா போய்ட்டு வான்னு அதுக்குச் சொல்ல மாட்டாளா? அவ அதுக்குச் சொல்லணும்னா, இங்க நான் உன்னுதுக்குச் சொல்லணும் இல்ல? அதான் சொல்லிகினு கீறேன்."

மோகன்ராஜ் கைபேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதே என்றார். பதில் சொல்ல அவளுக்கு இடமே கொடுக்கவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு, இருபது நிமிஷம் தாமதமாக, வடக்கேயிருந்து அரக்கு நிற வண்டி வந்தது. பெரிய மூச்சு விட்டபடி மெதுவாக வந்து நின்றது. வெயிலில் மஞ்சள் கோடு வெளுத்திருந்தது. எட்டு வருஷச் சிமெண்ட் புழுதி கதவு மடிப்புகளில் கெட்டியாகப் படிந்திருந்தது. ஜெயவேலுவே எதிர்பாராதபடி அவருக்குக் கண் நிறைந்தது. இதையா காட்டாமல் இருந்தோம் என்று நினைத்தார்.

ஊழியர் தலையாட்ட, கிளியம்மாள் கிட்டே போனாள். உள்ளங்கையை வேகனின் மேல் வைத்தாள். இரும்பு சூடாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கையை எடுக்கவில்லை. அப்பாவின் வயலில் களத்து நெல்லைத் தடவுகிற மாதிரி நிதானமாகத் தடவினாள். சந்தனத்தைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தாள், அதன் மேல் குங்குமம். கதம்பத்தைக் கதவுக் கொண்டியில் சுற்றினாள். "இளைச்சிப் போய்கீதே" என்றாள், மகளைப் பார்த்துச் சொல்வதுபோல. பிறகு முந்தானையால் பொட்டைச் சுற்றியிருந்த புழுதியைத் துடைத்தாள். பட்டுப்புடவை என்ற நினைப்பே இல்லை.

ஓட்டுநர் மாறியாயிற்று. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. நாற்பத்திரண்டு வேகனையும் கிளியம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்பிவைத்தாள்.

மோகன்ராஜ் விடைபெற்றுப் போனபின் இருவரும் நடைபாலத்தில் ஏறினார்கள். பாதிப் பாலத்தில் ஜெயவேலு நின்றார்.

"எப்பத்துலேருந்து தெரியும் உனுக்கு?"

"அன்னிக்கே. எட்டாவது வரிக்கும் படிச்சவ நானு. இங்கிலீசு எழுத்து கூட்டினா படிக்க வராதா?"

"அப்பறம் எதுக்கு கேட்டுக்குப் பச்ச அடிச்ச?"

"நீ எப்ப வாயத் தொறக்கறன்னு பாக்கத்தான். எட்டு வருசமாச்சு. கல்லுளிமங்கன்!"

ஜெயவேலுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தப்புதான் கிளி. அன்னிக்கே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. ஏன் கேக்கல?"

கிளியம்மாள் பாலத்துக் கம்பியைப் பார்த்தாள். அதே இடம்தான்.

"அன்னிக்கு நீ என் கைய புட்சி இஸ்துகினு வந்து இங்க நிறுத்தின. கண்ணாலம் ஆயி இத்தினி வருசத்துல, நாலு ஜனம் பாக்க நீ என் கைய புட்சது அன்னிக்கு ஒருநாளுதான். வண்டி யாருதா இருந்தா எனுக்கு இன்னா?" என்றாள்.

பாலத்தில் நல்ல கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள், பூக்கூடைக்காரிகள், மின்சார ரயிலுக்கு ஓடுகிறவர்கள். ஜெயவேலு அக்கம்பக்கம் பார்க்கவில்லை. அவள் பையை வாங்கி இடது கையில் மாட்டிக்கொண்டு, புழுதி படிந்த அவள் கையைப் பிடித்தார். பாலம் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, முடிச்சூர் பஸ் வந்து நிற்கிறவரைக்கும் விடவில்லை.